பிள்ளைக்கு ஒரு வீடு: வன்னித் திருச்சபைகளின் முன்னுள்ள பணி



பெற்றோரின் பராமரிப்பை இழந்த பிள்ளைகள் குடும்பமொன்றில் வளர்வதற்கு வன்னிப் பெருநிலப்பரப்பின் திருச்சபைகள் எவ்வாறு துணைநிற்கலாம் என்பதே இவ்வுரையின் பொருளாகும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் இப்பொருளைப் பற்றிப் பேசுவது வேறோர் ஊரில் பேசுவது போன்றதன்று. ஏனெனில், ஒரு தலைமுறைக்குள் போரையும் ஆழிப்பேரலையையும் மீண்டும் மீண்டும் நேர்ந்த இடப்பெயர்வையும் கண்ட இந்நிலத்தில், உறவினர் பிள்ளையையோ அயலார் பிள்ளையையோ எடுத்து வளர்க்காத தெருவொன்றைக் காண்பது அரிது.

முதலில் மூன்று சொற்களின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது நன்று. உறவினர் பராமரிப்பு என்பது, தாயும் தந்தையும் இல்லாத, அல்லது இருந்தும் வளர்க்க இயலாத நிலையில், அம்மம்மாவோ சித்தியோ பெரியப்பாவோ பிள்ளையைத் தம் வீட்டில் வைத்து வளர்ப்பதாகும். வளர்ப்புக் குடும்பப் பராமரிப்பு என்பது, இரத்த உறவில்லாத குடும்பமொன்று, நீதிமன்றமும் நன்னடத்தை உத்தியோகத்தரும் அறிய, பெற்றோர் மீண்டும் ஏற்கும் நிலை வரும்வரையோ பிள்ளை தன் காலில் நிற்கும்வரையோ பிள்ளையைப் பொறுப்பேற்பதாகும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உள்ள சட்ட உறவு இங்கு அறுவதில்லை. மகவேற்பு, அதாவது வழக்கில் தத்தெடுத்தல் எனப்படுவது, 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றம் பிறப்பிக்கும் கட்டளையால் பிறர் பிள்ளை தன் பிள்ளையாகவே ஆவதாகும். மகவேற்கப்படும் பிள்ளை 14 வயதுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும் என்றும், 10 வயதைக் கடந்த பிள்ளையாயின் அதன் சம்மதமும் பெறப்படல் வேண்டும் என்றும், மகவேற்போர் 25 வயதை எட்டியவராயும் பிள்ளையைவிட 21 வயதேனும் மூத்தவராயும் இருத்தல் பொது விதி என்றும் அச்சட்டம் கூறுகிறது.

உறவினர் வீடு முதலாவது. அது இயலாதபோது வளர்ப்புக் குடும்பம். பெற்றோர் எவரும் இல்லை என்பது ஐயமற உறுதியாகும்போது, அல்லது பெற்றவர் தெளிந்த மனத்துடன் சம்மதிக்கும்போது, மகவேற்பு. இவற்றுள் எதுவும் கைகூடாதபோது மட்டுமே சிறுவர் இல்லம். திருச்சபைகள் கைக்கொள்ள வேண்டிய வரிசை இதுவே என்பது இவ்வுரையின் நிலைப்பாடாகும். இன்று நடைமுறையில் இருப்பது எது? பல வேளைகளில் அதே வரிசை தலைகீழாக நிற்கிறது. தாய் தளர்ந்தாள் என்றால், முதலில் நினைவுக்கு வருவது விடுதி. இறுதியில் நினைவுக்கு வருவது உறவினர் வீடு.

இவ்வாறு கூறுவது சிறுவர் இல்லங்களைப் பழிப்பதாகாது. கிறிஸ்தவப் பணியாளரால் தொடங்கப்பட்ட கருணா நிலையம், சைவ அன்பர்களின் மகாதேவ ஆச்சிரமம், குருகுலம் ஆகிய கிளிநொச்சி இல்லங்கள் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் தந்து காத்தவை. வன்னியின் வீடுகள் எல்லாம் சிதறிய காலத்தில், பிள்ளைகளைக் கூட்டாக வைத்துக் காப்பதைத் தவிர வேறு வழி இருந்ததா? 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துச் சென்றபோதும், 2009 ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டபோதும், பிள்ளைகளை ஏந்திய கைகளில் திருச்சபைகளின் கைகள் முன்னின்றன. அப்பணிக்கு வன்னி கடமைப்பட்டிருக்கிறது. ஆயின், அவலக்காலத்தின் ஏற்பாடு அமைதிக்காலத்தின் வழக்கமாக நிலைத்துவிடலாகாது.

2009 இல் தாய் தந்தையரை இழந்த கைக்குழந்தைகள் இன்று பிள்ளைப்பருவத்தைக் கடந்துவிட்டார்கள், அல்லது அதன் வாயிலில் நிற்கிறார்கள். இன்று சிறுவர் இல்லத்துக்கு வரும் பிள்ளை யார்? வீட்டுப்பணிக்காகத் தாய் மத்திய கிழக்குக்குச் சென்றபின் எஞ்சிய பிள்ளை. நுண்கடன் வட்டியில் மூழ்கி, தகப்பன் வீட்டைவிட்டுப் போன பிள்ளை. மறுமணம் செய்த தாயின் புதிய வீட்டில் இடமில்லாத பிள்ளை. குடியால் சிதைந்த வீட்டுப் பிள்ளை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியோடு மூன்று நேர உணவு இரண்டாகவும் ஒன்றாகவும் குறைந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளை. இலங்கையின் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளுள் பெரும்பான்மையோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார் என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. ஆகவே, பெரும்பாலான பிள்ளைகளைப் பிரிப்பது சாவன்று, வறுமையே. வறுமைக்கு மருந்து பிள்ளையைப் பிரிப்பதா, வீட்டைத் தாங்குவதா?

இல்லத்தில் வளர்வதற்கும் வீட்டில் வளர்வதற்கும் உள்ள வேறுபாடு வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000 ஆம் ஆண்டளவில் தொடங்கிய நீண்ட ஆய்வொன்று, அரச இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளுள் ஒரு பகுதியினரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் ஒப்படைத்து, ஏனையோருடன் ஒப்பிட்டு ஆண்டாண்டாகக் கவனித்தது. குடும்பத்தில் வளர்ந்தோர் அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு ஒட்டி உறவாடும் இயல்பிலும் முன்னேறினர். அதிலும், இரண்டு வயதுக்குள் வீடு கிடைத்தோரிடம் அம்முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது. இளங்குழந்தைக்குத் தேவைப்படுவது தன் அழுகையை அறிந்து ஓடிவரும் ஒரே முகம். நேரம் மாறி வரும் பணியாளர் எத்துணை அன்புடையோராயினும் அந்த முகமாக ஆவது கடினம்.

திருமறையை அறிந்தோருக்கு இது புதிய செய்தியா? மோசேயை வளர்த்தவள் பார்வோனின் மகள். எனினும் பாலூட்டியவள் பெற்ற தாயே. பெற்றோரை இழந்த எஸ்தரைத் தன் வீட்டில் வளர்த்தவன் உறவினனாகிய மொர்தெகாய். சாமுவேல் சிறுவயதில் ஆலயத்தில் விடப்பட்டான் என்பதை விடுதிகளுக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆயினும், அவன் தாய் அன்னாள் ஆண்டுதோறும் தன் கையால் தைத்த அங்கியுடன் மகனைக் காணச் சென்றாள் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லல் வேண்டும். இந்த மூவரின் வரலாற்றிலும் பிள்ளையின் சொந்த உறவு அறுக்கப்படவில்லை.

அன்பர்களே, இனி உறவினர் வீட்டிலிருந்து தொடங்குதல் தகும்; ஏனெனில் வன்னியில் அநாதரவான பிள்ளைகளின் முதற் காப்பகம் எப்போதும் அதுவாகவே இருந்துவந்துள்ளது. 2009 இன் இறுதியில் வவுனியாவில், நன்னடத்தைத் திணைக்களம் யுனிசெப் நிறுவனத்தின் துணையுடன் குடும்பங்களைத் தேடி இணைக்கும் பிரிவொன்றை நிறுவியபோது, தேடப்பட்டது பெற்றோரை மட்டுமன்று; அவர்கள் இல்லாதபோது பிள்ளையை ஏற்கக்கூடிய உறவினரையும் ஆகும். அவ்வாறும், எந்த அலுவலகத்தின் துணையும் இல்லாமலும், பேரப்பிள்ளைகளைப் பொறுப்பேற்ற அம்மம்மாவுக்கு அதன்பின் யார் துணைநின்றார்கள்? பாடசாலையில் சேர்க்கச் செல்லும்போது பிறப்புச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. அது இடப்பெயர்வில் தொலைந்திருக்கிறது. மருத்துவமனையில் சத்திரசிகிச்சைக்குச் சட்டப் பாதுகாவலரின் கையொப்பம் கேட்கப்படுகிறது. வளர்க்கும் அம்மம்மாவோ சட்டத்தின் கண்ணில் யாருமல்லர்.

மேற்குறித்த மகவேற்புக் கட்டளைச் சட்டத்திலேயே பலர் அறியாத இரண்டாம் பகுதி ஒன்று உண்டு. தாம் பெறாத பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் அப்பிள்ளையின் பாதுகாவலராகப் பதிவு செய்துகொள்வதற்கு அப்பகுதி வழிசெய்கிறது. பிள்ளையை மகவேற்காமலும், இறந்த அல்லது பிரிந்த பெற்றோரின் பெயரை அழிக்காமலும், வளர்க்கும் உறவினரின் பொறுப்பைச் சட்டம் அறியச்செய்யும் வழி இது. இச்செய்தியை வீடுவீடாகக் கொண்டுசெல்லக்கூடிய வலையமைப்பு யாரிடம் இருக்கிறது? இரணைப்பாலையிலோ உருத்திரபுரத்திலோ எந்த வீட்டில் எந்தப் பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பதைக் கிராம அலுவலருக்கு அடுத்தபடியாக அறிந்தவர் பங்குத்தந்தையும் ஊழியருமே. ஒவ்வொரு பங்கும், ஒவ்வொரு சபையும், தன் எல்லைக்குள் பெற்றோரல்லாதோரிடம் வளரும் பிள்ளைகள் எவரெவர் என்பதை, எந்தச் சமயத்தவராயினும், அறிந்துவைத்து, அவ்வீட்டாரைச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் அழைத்துச் சென்று, படிவம் நிரப்பி, பயணச் செலவையும் ஏற்றால், கட்டடம் எதுவும் எழுப்பாமலேயே பெரும்பணி ஒன்று நிறைவேறிவிடும்.

மலையகத்திலிருந்து 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின் வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களை இங்கு தனியே குறிப்பிட வேண்டும். காணியுரிமை தாமதமானது போலவே, உறவு வட்டமும் அவர்களுக்குச் சிறியது. தாய் இல்லாமற்போனால் அயலூரில் ஓடிவரப் பெரியம்மா இருப்பதில்லை. அவர்களிடையே சபையே உறவாக நிற்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, பணம். இதில் சற்று நீண்டு நிற்பது அவசியம். இலண்டன், ரொறன்ரோ, சூரிச் முதலிய நகரங்களிலுள்ள தமிழ்ச் சபைகளும் நல்லுள்ளங்களும் வன்னிப் பிள்ளைகளுக்கென அனுப்பும் உதவி பெரும்பாலும் இல்லங்களின் வழியாகவே வருகிறது. இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஆதரவாளர் உண்டு. அம்மம்மாவின் தகரக் கொட்டிலில் இருக்கும் பிள்ளைக்கு இல்லை. இதன் விளைவு என்ன? பிள்ளையின் கல்விக்காகவே பிள்ளையை இல்லத்தில் சேர்க்கும் நிலை தாய்க்கு ஏற்படுகிறது. தருபவர் தீங்கு நினைக்கவில்லை, நடத்துபவரும் நினைக்கவில்லை. ஆயினும் பணம் செல்லும் திசையிலேயே பிள்ளையும் செல்கிறது. அத்திசையை மாற்றும் வலிமை திருச்சபைகளிடமே உண்டு. ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்திருக்க ஆகும் மாதச் செலவில் ஒரு பகுதியை வீட்டுக்குக் கொடுத்தால், பலருக்குப் பிரிவே தேவைப்படாது. கொடுப்பதும் மறைவாகக் கொடுக்கப்படல் வேண்டும். பிள்ளையின் ஒளிப்படத்தை எடுத்து, அதன் துயரக் கதையை எழுதி, ஆதரவாளருக்கு அனுப்பும் வழக்கம் பிள்ளையின் மானத்தை விலையாகக் கேட்பதாகும். அது நிறுத்தப்படல் வேண்டும். யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் ஹியூடெக், மன்னார் மறைமாவட்டத்தின் வாழ்வுதயம் போன்ற சமூகப்பணி அமைப்புகள் வீட்டுத்தோட்டம், கோழிவளர்ப்பு, சிறுதொழில் ஆகியவற்றில் நீண்ட அனுபவம் உடையவை. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளுக்கு அத்துணை முதலில் செல்வது பொருத்தமாகும்.

உறவினரும் இல்லாதபோது என்ன செய்வது? அங்கேதான் வளர்ப்புக் குடும்பம் தேவைப்படுகிறது. 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க ஆழிப்பேரலைச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் வளர்ப்புப் பெற்றோர் என்னும் ஏற்பாட்டை வெளிப்படையாக எழுதியது. ஆயின் அது ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டோருக்கு மட்டும் உரியதாயிற்று. அதே முல்லைத்தீவில் போரால் பெற்றோரை இழந்த பிள்ளைக்கு அது பொருந்தவில்லை. எனினும், 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டம், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையைத் தகுதியான ஆள் ஒருவரிடம், அவர் உறவினராயினும் அல்லராயினும், ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. 2019 இல் ஏற்கப்பட்ட மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கையும் இல்லத்தைக் கடைசி வழியாகவே வைக்கிறது. வழி இருக்கிறது, தகுதியான ஆட்கள்தாம் இல்லை.

தகுதியான ஆட்களைத் தேடித் தருவது திருச்சபையின் வேலை. பிள்ளையை இன்னாரிடம் கொடுப்பது என்று தீர்மானிப்பதோ திருச்சபையின் வேலையன்று. இவ்வேறுபாட்டை எத்தனைமுறை கூறினாலும் மிகையாகாது. பங்குமனையின் முன்றிலில் வைத்துப் பிள்ளை கைமாறலாகாது. போதகரின் நல்லெண்ணம் நீதிமன்றக் கட்டளைக்கு ஈடாகாது. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டைப் பார்வையிட்டு, பொலிஸ் அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் பெற்று, மன்றில் அறிக்கை தாக்கல் செய்தபின்னரே பிள்ளை ஒரு வீட்டுக்குச் செல்லல் வேண்டும். குற்றம் நேர்ந்தால், குற்றம் செய்தவர் சபையின் மூப்பராயினும், அருட்பணியாளராயினும், 1929 என்னும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கத்துக்கு அறிவிப்பதில் தயக்கம் கூடாது. திருச்சபையின் பெயரைக் காக்கப் பிள்ளையை மௌனமாக்கிய சபைகளின் வரலாறு உலகெங்கும் எழுதப்பட்டுள்ளது. அவ்வரலாற்றில் வன்னியின் எந்த ஆலயத்தின் பெயரும் சேரலாகாது.

பிள்ளை வந்தபின்னரே சபையின் மெய்யான வேலை தொடங்குகிறது. இரவில் விழித்து அலறும் பிள்ளை, உணவைத் தலையணைக்கடியில் ஒளிக்கும் பிள்ளை, பாடசாலைக்குச் செல்ல மறுக்கும் பிள்ளை வளர்ப்புத் தாயை மூன்று மாதத்தில் களைக்கச் செய்துவிடும். அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அரைநாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு வீடு, பாடம் சொல்லிக்கொடுக்க ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வழக்குத் தவணைக்கு அழைத்துச் செல்ல ஒரு முச்சக்கரவண்டி, உளவளத்துணையாளர் ஒருவரின் காது ஆகியவை சபையிலிருந்தே கிடைக்கலாம். ஒரு குடும்பம் பிள்ளையை ஏற்க, ஐந்து குடும்பங்கள் அக்குடும்பத்தைத் தாங்குமாயின், பிள்ளை மீண்டும் இடம்பெயர வேண்டியதில்லை. சகோதரர்கள் பிரிக்கப்படாமல் ஒன்றாக வளர்வதும், மாற்றுத்திறனுடைய பிள்ளைக்கும் 14 வயதைக் கடந்து மகவேற்பின் எல்லைக்கு வெளியே போன பிள்ளைக்கும் ஒரு வீடு கிடைப்பதும் இத்தகைய சபையில்தான் கைகூடும்.

மகவேற்பைப் பற்றிப் பேசும்போது வன்னிக்கே உரிய காயமொன்றை நினைவில் கொள்ள வேண்டும். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலருகே 2017 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் நாள் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டம் எதைக் கூறுகிறது? மகன் திரும்பவில்லை என்பதால் அவன் இறந்துவிட்டான் என்று தாய் ஏற்றுக்கொள்ளவில்லை. அவ்வாறாயின், அவன் விட்டுச்சென்ற பிள்ளையைச் சட்டப்படி வேறொருவர் பிள்ளையாக்குவது காத்திருக்கும் அந்த அப்பம்மாவுக்கு எத்தகைய அடியாகும்? இத்தகைய பிள்ளைகளுக்கு உறவை அறுக்காத வளர்ப்புப் பராமரிப்பே ஏற்றது. இதை அறியாமல், பிள்ளைப்பேறற்ற தம்பதியரின் கண்ணீருக்கு மட்டும் செவிசாய்த்துச் செயற்படும் ஊழியர், ஒரு துயரை ஆற்ற இன்னொரு துயரை உண்டாக்கிவிடுவார்.

பிள்ளைக்கு வீடு தேடுவதே மகவேற்பு. வீட்டுக்குப் பிள்ளை தேடுவதன்று. 1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்ற பிள்ளைகள் ஏறத்தாழ 11,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பலரின் ஆவணங்கள் போலியானவை என்பதும், தாயென்று மன்றில் நின்றவர் சில வழக்குகளில் வாடகைக்கு அமர்த்தப்பட்டவர் என்பதும் பின்னர் வெளிப்பட்டன. 1992 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வெளிநாட்டவரின் மகவேற்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பிள்ளைகளைப் பெற்றுக்கொண்ட நெதர்லாந்து, 2021 இல் தன் அரசு நியமித்த ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்ததும், வெளிநாட்டு மகவேற்பையே இடைநிறுத்தியது. அந்த அவலத்தின் தொடக்கத்தில் நின்றவர் யார்? பெரும்பாலும் வறிய தாய். பலவேளை மணமாகாத தாய்.

எனவே, மகவேற்புக்குத் துணைநிற்க விரும்பும் சபை முதலில் தன் வாயிலில் நிற்கும் மணமாகாத தாயை எவ்வாறு நடத்துகிறது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். கருவுற்ற பெண்ணைப் பாடகர் குழுவிலிருந்து நீக்கி, அவள் வீட்டாரை வெட்கத்தில் ஒடுங்கச் செய்யும் சபை, பிறக்கும் குழந்தையைத் தரகரின் கையில் தள்ளுகிறது. அவளுக்குப் பாதுகாப்பான பிள்ளைப்பேறும், தானே வளர்க்க விரும்பினால் அதற்கான துணையும், இயலாதெனின் அச்சமும் அவசரமுமின்றிச் சம்மதம் தரும் காலமும் கிடைக்கச் செய்வதே அறம்.

மகவேற்றபின் அதை மறைப்பது இன்னொரு கேடு. ஊருக்குத் தெரியும், உறவுக்குத் தெரியும், பிள்ளைக்கு மட்டும் தெரியாது. ஒருநாள் பாடசாலைச் சண்டையில் இன்னொரு பிள்ளை அதைச் சொல்லிவிடுகிறது. இம்மறைப்பு தமிழரின் மரபா? 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமை, பிள்ளையை எடுத்து வளர்க்க விரும்புவோர் உரித்தாளிகளின் சம்மதம் பெற்று, உறவினரும் சாட்சிகளும் சூழ மஞ்சள்நீர் அருந்தும் சடங்கை விவரிக்கிறது. அன்றைய மகவேற்பு ஊரறிய நடந்தது. அதே வெளிச்சத்தில், ஆலய வழிபாட்டில், மகவேற்ற பெற்றோரையும் பிள்ளையையும் சபை நன்றியுடன் வரவேற்குமாயின், சாதியும் குலமும் கேட்டு முணுமுணுக்கும் நாவுகள் அடங்கும்.

பெயரையும் சமயத்தையும் பற்றிச் சிலவற்றைக் கூறியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் விடுதிகளில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு, அவர்களின் செலவை ஏற்ற அமெரிக்க அன்பர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை முதலிய அறிஞர் பெயர்களில் அதன் சுவடு இன்றும் தெரிகிறது. அந்த விடுதிகள் தமிழுக்குத் தந்த கல்வி பெரிது; எனினும், உதவி செய்தவரின் பெயரைப் பிள்ளை சுமக்க வேண்டியிருந்தது. இன்று இலங்கை ஏற்றுள்ள சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20 ஆம் உறுப்புரை, குடும்பத்தை இழந்த பிள்ளையின் இன, சமய, பண்பாட்டு, மொழித் தொடர்ச்சியைக் கருத்தில் கொள்ளுமாறு பணிக்கிறது. வன்னியின் பிள்ளைகளுள் பெரும்பாலோர் சைவ வீட்டுப் பிள்ளைகள். சைவப் பிள்ளையை ஏற்கும் கிறிஸ்தவ வளர்ப்புக் குடும்பம் அப்பிள்ளையின் பெயரை மாற்றாமலும், வற்றாப்பளைப் பொங்கலுக்குச் செல்லும் உறவினரோடு செல்லவிட்டும், திருமுழுக்கை உதவியின் விலையாக்காமலும் வளர்த்தல் வேண்டும். அதைச் செய்ய மனமில்லாத வீடு அப்பிள்ளைக்குரிய வீடன்று.

இறுதியாக, ஆவணம். ஐரோப்பாவிலிருந்து நடுத்தர வயதில் இலங்கைக்கு வந்து பெற்ற தாயைத் தேடுவோர், போலிப் பெயர் எழுதிய தாளொன்றை வைத்துக்கொண்டு ஊரூராக அலைகிறார்கள். வன்னியின் பிள்ளைகளுக்கு அந்நிலை வராதிருக்க, இல்லத்திலும் வளர்ப்பு வீட்டிலும் உறவினரிடத்திலும் வளரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு இருத்தல் வேண்டும். பெற்றோரின் முழுப்பெயர், சொந்த ஊர், இடம்பெயர்ந்த வழி, உடன்பிறந்தோர் இருக்கும் இடம், பிறப்புச் சான்றிதழின் பிரதி, கிடைக்குமாயின் தாயின் ஓர் ஒளிப்படம் ஆகியவை அதில் அடங்கும். போருக்கு முந்திய திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைக் காத்துவைத்திருக்கும் ஆலயங்கள், அவற்றிலுள்ள விவரங்களைக் கேட்டுவரும் குடும்பங்களுக்குக் கட்டணமின்றி எடுத்துக்கொடுத்தல் வேண்டும். கோப்பின் ஒரு பிரதி நன்னடத்தை அலுவலகத்திலும், ஒன்று வளர்ப்போரிடத்திலும் இருக்க, பதினெட்டு வயது நிறையும் நாளில் மூலக்கோப்பு பிள்ளையிடமே ஒப்படைக்கப்படல் வேண்டும். இல்லங்களை நடத்தும் சபைகள் இப்பணியை, தம்மிடம் இப்போது இருக்கும் பிள்ளைகளுள் மூத்தவரிலிருந்து, வரும் பாடசாலைத் தவணைக்குள் தொடங்கலாம்.